வாசல்ல யாரோ "ஓடி ஓடி"ன்னு கூப்பிட்டாங்க: மலாவியில நான் இருந்த ஒரு வருஷம்

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில ஆறு மணி இருக்கும், வாசல்ல ஒரு பொம்பளைக் குரல், "ஓடி... ஓடி"ன்னு. நமக்குத் தமிழ்தானே காதுல விழும், யாரோ யாரையோ ஓடச் சொல்றாங்க, என்ன ஆபத்தோன்னு நெனச்சு கதவைத் தாழ் போட்டுக்கிட்டு மூச்சு விடாம உள்ளயே நின்னேன். ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னப்பதான் விஷயம் புரிஞ்சுது. சிச்செவா மொழியில "ஓடி"ன்னா உள்ள வரலாமான்னு கேக்குறது, கதவைத் தட்ட மாட்டாங்க, வெளியில நின்னு அப்படிக் கூப்பிடுவாங்க, நாம பதிலுக்கு "ஓடினி"ன்னு சொன்னா வாங்கன்னு அர்த்தம். அன்னைக்கு வந்தது பக்கத்து வீட்டு அமாயி. அமாயின்னா அம்மா, கல்யாணமான பொம்பளைங்க எல்லாரையும் அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. புதுசா வந்தவளுக்குத் தண்ணி எங்க இருக்குன்னு தெரியாதேன்னு அவங்க தலையில ஒரு பக்கெட் தண்ணி சுமந்துக்கிட்டு வந்திருக்காங்க, நான் கதவைத் திறக்கல. இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

நான் மன்னார்குடி பக்கம், ஆறு வருஷம் பிசிக்ஸ் டீச்சரா இருந்தேன், ஒரு தன்னார்வ அமைப்பு மூலமா 2023 செப்டம்பர்லேருந்து 2024 ஆகஸ்ட் வரைக்கும் ஆப்பிரிக்காவுல இருக்குற மலாவி நாட்டுல ஸோம்பா பக்கத்துல ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில சொல்லிக் குடுத்தேன். ஸோம்பா ஒரு காலத்துல அந்த நாட்டோட தலைநகரம், எழுபதுகள்ல லிலோங்வேக்கு மாத்திட்டாங்க, இப்ப மலையடிவாரத்துல யூனிவர்சிட்டியும் பெரிய மார்க்கெட்டுமா இருக்குற ஊர். இந்த மாதிரி போகணும்னு ஆசைப்படுற பிள்ளைங்க நெறைய பேர் என்கிட்ட கேக்குறாங்க, அங்க வேலை எப்படி இருக்கும்னு. வேலையைப் பத்தி ட்ரெயினிங்லயே சொல்லித் தந்துடுவாங்க. ஆனா ஒரு வருஷம் அங்க நிலைச்சு நிக்கிறமா, மூணாவது மாசமே டிக்கெட் போட்டுத் திரும்புறமாங்கிறது பக்கத்து வீட்டுலதான் இருக்கு, அதை யாரும் சொல்லித் தரல, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல வணக்கம். அங்க எந்தப் பேச்சும் நலம் விசாரிக்காம ஆரம்பிக்கவே கூடாது. காலையில "ம்வாட்ஸுக்கா ப்வான்ஜி", அதாவது எப்படி எந்திரிச்சீங்கன்னு கேக்கணும், மத்தியானத்துக்கு மேல "ம்வாஸ்வெரா ப்வான்ஜி", பகல் எப்படிப் போச்சுன்னு. அவங்க நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு "கயா இனு", நீங்க எப்படின்னு திருப்பிக் கேப்பாங்க, அதுக்கும் நின்னு பதில் சொல்லணும். மொத ரெண்டு வாரம் நான் கடைக்குப் போனா நேரா "சோப்பு இருக்கா, எவ்வளவு"ன்னுதான் கேட்டேன், நம்ம ஊர்ல அது தப்பே இல்ல, ஆனா அங்க கடைக்காரர் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஹெட்மாஸ்டர் பொறுமையா சொன்னார், மேடம், மனுஷனைப் பாக்காம சோப்பை மட்டும் பாத்தா எப்படின்னு. அதுக்கப்புறம் வீட்டுலேருந்து ஸ்கூலுக்குப் போற பத்து நிமிஷ வழிக்கு நான் அரை மணி நேரம் ஒதுக்கிடுவேன், வழியில உக்காந்திருக்குற பாட்டிங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு கேட்டுட்டுத்தான் போவேன். பாட்டியை அகோகோன்னு கூப்பிடுவாங்க.

தமிழ் பேசுறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. "இவே"ன்னா நீ, "இனு"ன்னா நீங்க, நம்மள மாதிரியே பன்மையிலதான் மரியாதை. பெரியவங்களுக்கு எதைக் குடுத்தாலும் வாங்கினாலும் ரெண்டு கையாலயோ, இல்ல வலது கையை இடது கையால தொட்டுக்கிட்டோ வாங்கணும், சாப்பாடு வலது கையாலதான். இதெல்லாம் எனக்கு உடம்புலயே ஊறின பழக்கம், அதனால வெள்ளைக்கார வாலண்டியர் பிள்ளைங்களை விட எனக்கு இது சுலபமா வந்துச்சு. இன்னொரு வார்த்தை ரொம்பப் பிடிச்சுது, "பெபானி". மன்னிச்சுக்கோங்கன்னு அர்த்தம், ஆனா நான் கால் தடுக்கினாலும் எதிர்ல வர்றவங்க பெபானின்னுதான் சொல்லுவாங்க, அவங்க ஒரு தப்பும் பண்ணலன்னாலும். உங்களுக்கு வலிச்சா எனக்கும் கஷ்டமா இருக்குங்கிற மாதிரி.

சின்னப் பசங்க "அமுவென்யே"ன்னு கத்திக்கிட்டே பின்னாடி வருவாங்க, இந்தியாக்காரங்கன்னு அர்த்தம். அங்க பல தலைமுறையா குஜராத்திக் குடும்பங்க கடை வெச்சிருக்காங்க, அதனால எல்லாரும் என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி "உங்க கடை எங்க இருக்கு"ங்கிறதுதான். கோபப்படாம டீச்சர்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், மூணு மாசத்துல "மேடம்"னு ஆயிடுச்சு.

சாப்பாட்டுக்கு வர்றேன். ந்சிமான்னு வெள்ளை மக்காச்சோள மாவுல கிண்டுறது, பாக்க நம்ம களி மாதிரியே இருக்கும், ஈரக் கரண்டியால வழிச்சு வழிச்சு தட்டுல அடுக்கி வைப்பாங்க, கைய கழுவ ஜக்குல தண்ணி ஊத்துவாங்க, பிச்சு உருட்டி தொட்டுக்கறதோட சாப்பிடணும். நான் வீட்டுல அரிசிதான் பொங்கிக்குவேன், கிலொம்பெரோன்னு ஒரு வாசனை அரிசி கிடைக்கும், ரொம்ப நல்லா இருக்கும். ஆனா யார் வீட்டுக்குப் போனாலும் ந்சிமா போட்டா முழுசா சாப்பிடுங்க, அதைச் சாப்பிட்டாத்தான் சாப்பாடுன்னே அவங்க கணக்கு வைப்பாங்க. பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு சமைப்பாங்க பாருங்க, அதை நான் இங்க வந்தும் செய்யறேன். சில்வா ஏரிலேருந்து வர்ற மட்டெம்பா, மலாவி ஏரிலேருந்து வர்ற உசிபா, ரெண்டும் சின்னக் காய்ஞ்ச மீன், உசிபாவை மார்க்கெட்ல பாத்த அன்னைக்கு நெத்திலிக் கருவாட்டு வாசனையில அப்படியே நின்னுட்டேன்.

அதை விடப் பெருசு, துவரை. பெரிய மூட்டை நெறைய மசாலாவும் பருப்பும் கட்டிக்கிட்டுப் போய் லக்கேஜ் எடையை வீணாக்கிட்டேன், அங்க போய்ப் பாத்தா என் வீட்டுக்குப் பின்னாடியே மக்காச்சோளத்துக்கு ஊடால துவரைச் செடி நிக்குது. நன்டோலோன்னு பேரு. மலாவியோட தென் பகுதியில இது முக்கியமான பயிர், அங்கேருந்து நம்ம நாட்டுக்கே துவரை வருது, 2021ல வருஷத்துக்கு 50,000 டன் வாங்குறதா இந்திய அரசு ஒப்பந்தமே போட்டுச்சு. நாம ஊத்துற சாம்பார்ல அமாயி மாதிரி யாரோ ஒருத்தரோட உழைப்பு இருந்திருக்கலாம். அவங்க பச்சைத் துவரையை உப்புப் போட்டு காயோட அவிச்சு உரிச்சு உரிச்சு சாப்பிடுவாங்க. புளியும் உண்டு, ப்வெம்பான்னு பேரு, முருங்கை மரமும் உண்டு, சம்வம்பான்னு பேரு. பெருங்காயமும் கடுகும் வெந்தயமும் சாம்பார்ப் பொடியும் கொஞ்சமா எடுத்துட்டுப் போனாப் போதும், மத்ததுக்கு பிளான்டயர் பக்கம் லிம்பேல இந்தியக் கடைங்க இருக்கு. நான் முதல் தடவை சாம்பார் வெச்சு அமாயி வீட்டுக்குக் குடுத்தப்ப அவங்க மாமியார், அந்த அகோகோ, ஒரு வாய் வெச்சுட்டு "நன்டோலோவா இது?"ன்னு என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பாத்திரம் வெறுமனே போனதே இல்ல, அது எங்க அம்மா எனக்குப் பழக்கி விட்டது.

தண்ணி அடி பம்புலதான், காலையில அஞ்சரைக்கே வரிசை. நான் போறதுக்கு முந்தின வருஷம்தான் அந்த நாட்டுல காலரா பெருசா பரவி ஆயிரத்து எழுநூறுக்கும் மேல பேர் இறந்திருக்காங்க, அதனால தண்ணியில கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, கொதிக்க வெச்சுடுங்க, இல்லன்னா கடையில கிடைக்கிற குளோரின் மருந்தை அளவா ஊத்தி அரை மணி நேரம் விட்டுக் குடிங்க. தலையில சுமக்க எனக்கு வரல, அமாயி சிட்டென்ஜே துணியைச் சுருட்டி சும்மாடு கட்டி வெச்சுக் காட்டுவாங்க, நான் கடைசி வரைக்கும் பாதி பக்கெட்தான். அந்த சிட்டென்ஜே ஒண்ணு கண்டிப்பா வாங்கிக்கோங்க, ரெண்டு மீட்டர் துணி, பொம்பளைங்க பாவாடைக்கு மேல சுத்திக்குவாங்க, பிள்ளையை முதுகுல கட்டுவாங்க, மாவு மூட்டை கட்டுவாங்க, சாவு வீட்டுக்கு அது இல்லாம போகவே கூடாது. கிராமத்துல பொம்பளைங்க முழங்கால் தெரியற மாதிரி உடுத்தினா மரியாதைக் குறைவு, என் சுடிதாருக்கு ஒரு பிரச்சினையும் வரல.

இப்ப சொல்லப் போறதை மட்டும் தயவு செஞ்சு மறக்காதீங்க. துணியை இஸ்திரி போடாம போடாதீங்க. மழைக்காலம் ஆரம்பிச்ச நேரம், இடுப்புக்கு மேல ஒரு கட்டி மாதிரி சிவந்து வீங்கிச்சு, கொசுக்கடின்னு விட்டேன், நாலு நாள்ல நடுவுல ஒரு சின்னப் புள்ளி, உள்ள ஏதோ அசையற மாதிரி ஒரு குறுகுறுப்பு. ராத்திரி தூக்கமே இல்ல. காலையில அமாயிகிட்ட காட்டினேன், அவங்க பயப்படவே இல்ல, "புட்ஸி"ன்னாங்க. ஒரு வகை ஈ, வெளியில காயப்போட்ட ஈரத்துணியில முட்டை வெச்சுடும், நாம அதை உடுத்தினா முட்டை பொரிஞ்சு புழு தோலுக்குள்ள போயிடும். அந்தப் புள்ளி மேல வாசலினை அடர்த்தியா அப்பினாங்க, புழுவுக்கு மூச்சு முட்டணுமாம், கொஞ்ச நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அப்புறம் ரெண்டு கட்டைவிரலால ரெண்டு பக்கமும் அமுக்கினாங்க, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெருசா வெள்ளையா வெளிய வந்துச்சு. நான் அழுதுட்டேன், வலியை விட அருவருப்பு. அவங்க பெபானி பெபானின்னு சொல்லிக்கிட்டே துடைச்சு விட்டாங்க, சாயங்காலம் அவங்க வீட்டுக் கரி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்து எப்படி கரி போட்டு ஊதணும்னு காட்டிக் குடுத்தாங்க. உள்ளாடை, துண்டு, பெட்ஷீட், ஒண்ணு விடாம தையல் ஓரத்துல எல்லாம் சூடு படணும், இல்ல வீட்டுக்குள்ள காயப்போடணும். டாக்டர்ங்க சொல்றதும் அதேதான்.

காய்ச்சல் விஷயத்துல நான் பண்ணின தப்பையும் சொல்றேன். மலேரியா வராம இருக்க டாக்சிசைக்ளின் மாத்திரை தினமும் போடணும், ஜனவரியில பரீட்சைப் பேப்பர் திருத்துற அவசரத்துல ஒரு வாரம் விட்டு விட்டுப் போட்டேன், அப்புறம் குளிர் காய்ச்சல் வந்தப்ப சளின்னு நெனச்சு ரெண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வகுப்பு எடுத்தேன். மூணாவது நாள் எந்திரிக்க முடியல, அமாயி கபாஸா, அதாவது சைக்கிள் டாக்சி, வரவழைச்சு என்னைப் பின்னாடி உக்கார வெச்சு, தானும் கூடவே நடந்து ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப் போனாங்க. விரல்ல குத்தி டெஸ்ட், பதினஞ்சு நிமிஷத்துல மலேரியான்னு வந்துச்சு. மூணு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு நாலு மாத்திரை, பாலோ எண்ணெய்ப் பண்டமோ சேத்துச் சாப்பிட்டாத்தான் அந்த மருந்து உடம்புல சரியா ஏறும். அங்க இருக்குறவரைக்கும் காய்ச்சல்னா அன்னைக்கே டெஸ்ட், இதுல யோசிக்கவே வேண்டாம். தடுப்பு மாத்திரையை ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் போடணும், அதுக்கப்புறம் நம்ம ஊர்ல காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட ஆப்பிரிக்காவுல இருந்துட்டு வந்தேன்னு மொத வாக்கியமாச் சொல்லிடுங்க. மலாவி ஏரி அழகுதான், ஆனா அதுல நத்தை மூலமா பரவுற பில்ஹார்சியான்னு ஒரு புழு நோய் இருக்கு, குளிச்சீங்கன்னா டாக்டரைக் கேட்டு சில வாரம் கழிச்சு மருந்து எடுத்துக்கோங்க. போறதுக்கு முன்னாடி அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கறது நல்லது, சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, பயணத்துக்கு 10 நாளைக்கு முன்னாடியே போட்டாத்தான் சர்டிபிகேட் செல்லும்.

பணத்தைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. 2023 நவம்பர்ல ஒரே நாள்ல டாலருக்கு சுமார் 1,180 க்வாச்சா இருந்ததை 1,700 ஆக்கிட்டாங்க, என் அலவன்ஸ் க்வாச்சாவுல, எண்ணெய், சர்க்கரை விலை எல்லாம் ஏறிடுச்சு, அமைப்புலேருந்து அதைச் சரி பண்ண மூணு மாசம் ஆச்சு. கைவசம் ரெண்டு மாசச் செலவுக்கு டாலர் வெச்சிருந்ததால பிழைச்சேன். நீங்களும் வெச்சுக்கோங்க.

கொடுக்கிறது இருக்கே, அது இதை விடக் கஷ்டமான விஷயம். வந்த மொத வாரமே வீட்டு வாசலுக்கு வந்த பசங்களுக்கு ஆளுக்கொரு பேனா குடுத்தேன், இந்தியாவுலேருந்து இருநூறு பேனா கொண்டு போயிருந்தேன். மறுநாள் முப்பது பேர், அதுக்கு மறுநாள் பக்கத்து ஊர்லேருந்தும் வந்துட்டாங்க, கிடைக்காத பிள்ளைங்க அழுகுறாங்க, பெரியவன் சின்னவன்கிட்ட பிடுங்குறான். அந்த வாரம் என் வீட்டு வாசல்ல நடந்த சண்டைக்கு நான்தான் காரணம். மிச்சத்தை எல்லாம் ஹெட்மாஸ்டர்கிட்ட ஒப்படைச்சேன், அவர் வகுப்புக் கணக்குப்படி ஸ்கூல் பேர்லயே குடுத்தார். என் கையால குடுக்கணும்ங்கிற ஆசையை விட்டதும்தான் பசங்க என்கிட்ட பேனா கேக்குறதை நிறுத்திட்டு பாடத்துல சந்தேகம் கேக்க ஆரம்பிச்சாங்க.

அந்த வருஷம் மழை பொய்ச்சுடுச்சு. ஜனவரி, பிப்ரவரில பூட்டை விடுற நேரத்துல மக்காச்சோளம் அப்படியே காய்ஞ்சு போச்சு, மார்ச்ல 28 மாவட்டத்துல 23 மாவட்டத்தைப் பேரிடர் பகுதின்னு அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் ஃப்ரெடி புயல்ல தென் பகுதி முழுக்க வெள்ளம், நெலம், வீடு, ஆளுன்னு இழந்தவங்க எங்க வகுப்புலயே இருந்தாங்க. டெல்டாவுல பொறந்தவ நான், காய்ஞ்ச வயல் வரப்புல ஒரு ஆள் உக்காந்திருந்தா அது என்னன்னு எனக்குப் புரியும். காலைல சாப்பிடாம வர்ற பிள்ளைங்க மத்தியானத்துக்கு மேல தலை சாய்ச்சுடுவாங்க, நான் கஷ்டமான கணக்கை எல்லாம் மொத பீரியடுக்கு மாத்திக்கிட்டேன். அமாயிகிட்ட நேரா கேட்டேன், நான் மாவு வாங்கித் தந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "நீ ராத்திரி எங்க வீட்டுலயே சாப்பிடு, உன் பங்கு மாவைக் கொண்டு வா"ன்னாங்க. பிப்ரவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான், என் பங்கு கொஞ்சம் பெருசாவே இருந்துச்சு, அதை ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல.

ஏப்ரல்ல அகோகோ இறந்துட்டாங்க. நல்லதுக்குக் கூப்பிட்டா போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, அங்கயும் அச்சு அசல் அதேதான். மலிரோ, அதாவது சாவுன்னா ஊரே வேலையை நிறுத்திடும், ஸ்கூல்லேருந்து டீச்சர்ங்க எல்லாரும் வந்தாங்க, பொம்பளைங்க சிட்டென்ஜே கட்டிக்கிட்டு தரையில காலை நீட்டி உக்காந்து ராத்திரி முழுக்கப் பாடுறாங்க, ஆளாளுக்கு மாவும் விறகும் கொண்டு வர்றாங்க. எனக்குப் பாட்டு தெரியாது, உக்காந்திருந்தேன் அவ்வளவுதான். என் சாம்பாரை முகர்ந்து பாத்துச் சிரிச்ச கிழவி உள்ள கிடக்கறாங்க. எங்க பாட்டி இறந்தப்ப நான் சென்னையில பரீட்சைன்னு வர முடியாம போச்சு, அந்த அழுகையும் சேத்து அன்னைக்கு அழுதேன்னுதான் நெனக்கிறேன். அடுத்த வாரம் பம்படியில வரிசையில நிக்கறப்ப எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா, அதுவரைக்கும் என்கிட்ட அதிகம் பேசாதவங்க, என் பக்கெட்டை வாங்கி முதல்ல நிரப்பிக் குடுத்தாங்க.

தனிமையா இருக்குமான்னு கேப்பீங்க. இருக்கும். ரெண்டாவது மூணாவது மாசம்தான் மோசம், புதுசுங்கிற வேகம் அடங்கிடும், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், கரண்ட் போயிடும், ஒரு மெழுகுவர்த்தியோட உக்காந்திருக்கணும். நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம், அங்க எட்டு மணின்னா இங்க பதினொண்ணரை, எங்க அம்மா தூக்கக் கலக்கத்துல பேசுவாங்க, வெச்சதுக்கப்புறம் இன்னும் பாரமா இருக்கும். சாயங்காலம் நாலரைக்கே பேசி முடிச்சுட்டு, இருட்டுற நேரத்துக்கு அமாயி வீட்டு அடுப்படிக்குப் போயிட ஆரம்பிச்சேன், கரி அடுப்பு பக்கத்துல பலகையைப் போட்டு உக்காந்து வேர்க்கடலை உடைச்சுக்கிட்டு அவங்க பேசுறதை பாதி புரிஞ்சும் புரியாமயும் கேட்டுக்கிட்டு இருப்பேன், என் சிச்செவா முழுக்க அந்த அடுப்படியில வந்ததுதான். ஜூன், ஜூலைல சிப்பெரோனின்னு ஒரு குளிர்காத்து, மொசாம்பிக் பக்கத்து மலைலேருந்து தூறலோட வரும், ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சு ஸ்வெட்டர் எடுக்காம போகாதீங்க.

கிளம்பும்போது ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கடைசி வாரத்துல சொன்னா அவங்களுக்கு வருத்தம், வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. சாமானை யாருக்கு என்னன்னு நானா முடிவு பண்ணல, பேனா விஷயம் நெஞ்சுல இருந்துச்சு, அமாயிகிட்ட விட்டுட்டேன், அவங்க கொசு வலையைக் கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கும், பாத்திரத்தைப் புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைக்கும், மெத்தையை ஹாஸ்டல்ல இருந்த ஒரு பொண்ணுக்கும் பிரிச்சாங்க. நன்டோலோ அறுவடை நேரம் அது, ரெண்டு கிலோ காய்ஞ்ச துவரையைச் சிட்டென்ஜே துண்டுல முடிஞ்சு என் பையில வெச்சாங்க, "விதைப் பொருளை ஊருக்குக் கொண்டு போக விடமாட்டாங்க, அமாயி"ன்னு நான் சொன்னதும், "அப்ப இப்பவே சமை"ன்னு சொல்லிட்டாங்க, கடைசி ராத்திரி அந்தத் துவரையிலதான் சாம்பார். எனக்காக நான் வாங்கின கரி இஸ்திரிப் பெட்டியை மட்டும் யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லி அந்த வீட்டு ஜன்னல்லயே வெச்சுட்டு வந்தேன், செப்டம்பர்ல அடுத்த டீச்சர் வர்றதா இருந்துச்சு.